குடும்ப மனுவின் காத்திருப்புக் காலமும் தற்காலிக வேலை விசாக்களும் (திண்டுக்கல் வட்டாரம்)

அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்ற ஒருவர் தம் உறவினரை அந்நாட்டில் குடியேற்றுவதற்காக அளிக்கும் விண்ணப்பம் குடும்ப மனு எனப்படும். பேச்சு வழக்கில் இதனை ‘ஸ்பான்சர் போடுதல்’ என்பர். மனு ஏற்கப்பட்ட பின்னரும் குடியேற்ற விசா கைக்கு வந்து சேர, உறவின் வகையைப் பொறுத்து, சில மாதங்கள் முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வரை ஆகின்றன. இந்த இடைக்காலத்தில் மனுவுக்குரிய உறவினர் அமெரிக்காவில் சட்டப்படி தங்கி வேலை செய்ய இடமளிக்கும் அனுமதிகள், திண்டுக்கல் நகரையும் சின்னாளபட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, வேடசந்தூர் முதலிய சமவெளி ஊர்களையும் சேர்ந்தோரை முன்னிறுத்தி இங்கே விளக்கப்படுகின்றன.

திண்டுக்கல் அன்றைய மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்த காலத்தில் (தனி மாவட்டம் 1985இல் உருவாயிற்று) இவ்வட்டாரத்தார் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தது பெரும்பாலும் கங்காணி முறையில் இலங்கைக்கும் மலாயாவுக்குமே ஆகும். கங்காணி என்பவர் தம் ஊராரையும் உறவினரையும் குடும்பம் குடும்பமாகத் திரட்டித் தோட்டங்களுக்கு அழைத்துச் சென்ற ஆள்சேர்ப்பாளர். ஆகவே உறவும் வேலையும் ஒரே பயணத்தில் சேர்ந்தே சென்றன, ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க நேரவில்லை. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் இச்சேர்க்கையை அறுத்து, பல தலைமுறைத் தொடர்புள்ள இந்தியரையும் தற்காலிக வதிவிட அனுமதி என்னும் வரம்புக்குள் கொண்டுவந்தது. உறவுக்கு ஒரு சட்டப் பாதை, வேலைக்கு வேறொரு சட்டப் பாதை என்ற இந்தப் பிரிவினையே அமெரிக்க முறையிலும் பின்னர் நிலைபெற்றது.

அமெரிக்கா 1917ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பரப்பை விலக்கு மண்டலமாக்கியது. இந்தியர் வெள்ளையர் அல்லர் என்பதால் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என அதன் உச்ச நீதிமன்றம் 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்த அநீதி 1946இல் லூஸ்–செல்லர் சட்டத்தால் ஓரளவு தளர்ந்து, ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறவும், ஏற்கெனவே அங்கிருந்தோர் குடியுரிமை பெறவும் வழி பிறந்தது. 1937 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1953இல் அந்நாட்டுக் குடிமகனானார்.

1952ஆம் ஆண்டு மக்காரன்–வால்டர் சட்டம் ஒவ்வொரு நாட்டின் ஒதுக்கீட்டிலும் பாதியைத் திறன்மிக்க தொழிலாளருக்கு அளித்ததுடன், பட்டத் தகுதி வேண்டும் சிறப்புப் பணிகளுக்கான இன்றைய எச்-1பி விசாவின் மூதாதையான எச்-1 பிரிவையும் தோற்றுவித்தது. லிண்டன் ஜான்சன் 1965 அக்டோபர் 3 அன்று கையொப்பமிட்ட ஹார்ட்–செல்லர் சட்டம் இவ்வரிசையைத் தலைகீழாக்கியது: கிழக்கு அரைக்கோளத்துக்குரிய 1,70,000 விசாக்களில் 74 விழுக்காடு குடும்ப உறவுக்குச் சென்றது; அதில் மிகப் பெரிய பங்கான 24 விழுக்காடு, அதாவது 40,800 விசா, குடிமக்களின் உடன்பிறந்தாருக்கு ஒதுக்கப்பட்டது. குடும்பத்தை முன்வைக்கப் போராடிய மக்களவை உறுப்பினர் மைக்கேல் ஃபீகன், அப்போதைய மக்கள்தொகையின் ஐரோப்பியச் சாயல் இதனால் மாறாது என்று கணக்கிட்டிருந்தார். விளைவோ நேர்மாறானது. படிப்பின் வழியாகவும் தொழிலின் வழியாகவும் முதலில் சென்ற ஆசியர், குடியுரிமை பெற்றதும் அதே விதியைக் கொண்டு தம் உடன்பிறந்தாரை அழைக்கலாயினர்.

1970ஆம் ஆண்டுத் திருத்தம், நிறுவனத்துக்குள் இடமாற்றம் பெறுவோருக்கான எல்-1 விசாவை உருவாக்கியதோடு, நிரந்தரத் தன்மையுள்ள பணியிடத்திலும் எச்-1 விசாவில் அமரலாம் என விதியைத் தளர்த்தியது. 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமே இன்றைய அமைப்பின் அடித்தளம். அது எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 65,000 என்று வரம்பிட்டது. எச்-1பி, எல்-1 விசாக்களில் வருவோர் தற்காலிகமாக வேலை செய்யும்போதே நிரந்தரமாகக் குடியேறும் எண்ணமும் கொண்டிருக்கலாம் என்ற இரட்டை நோக்கக் கொள்கையையும் ஏற்றது.

குடும்ப மனுக்கள் இரு பெரும் வகைப்படும். குடிமகனின் வாழ்க்கைத் துணை, மணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் நெருங்கிய உறவினர். இவர்களுக்கு ஆண்டு வரம்பு இல்லை. ஏனையோர் முன்னுரிமைப் பிரிவினர். குடிமக்களின் மணமாகாத வளர்ந்த பிள்ளைகள் எஃப்-1 எனவும் (மாணவர் விசாவின் பெயரும் இதுவே, இரண்டும் வேறு), நிரந்தர வசிப்புரிமையாளரின் துணையும் இளம் பிள்ளைகளும் எஃப்-2ஏ எனவும், அவர்களுடைய மணமாகாத வளர்ந்த பிள்ளைகள் எஃப்-2பி எனவும், குடிமக்களின் மணமான பிள்ளைகள் எஃப்-3 எனவும், குடிமக்களின் உடன்பிறந்தார் எஃப்-4 எனவும் குறிக்கப்படுவர். எஃப்-4 பிரிவுக்கு ஆண்டுக்கு 65,000 விசாக்கள் உண்டு. எனினும் எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் செல்லலாகாது. சிறு தீவு நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஒரே உச்சவரம்பு வைத்ததன் பயனாக, 2006இல் மனு பதிவான இந்திய உடன்பிறந்தாரின் முறை 2024–25இல்தான் வந்தது. மனு பதிவான நாளை முன்னுரிமைத் தேதி என்பர்.

காத்திருப்போருக்குள்ள முதல் தடை, விசா கேட்பவர் எவரும் குடியேறவே வருகிறார் என்று கொண்டு, அவ்வாறில்லை என மெய்ப்பிக்கும் சுமையை அவர்மேல் வைக்கும், அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவாகும். தற்காலிக விசாவுக்கான டிஎஸ்-160 விண்ணப்பப் படிவம், விண்ணப்பதாரருக்காக எவரேனும் குடியேற்ற மனு அளித்துள்ளனரா என நேரடியாகக் கேட்கிறது. ஆம் என்றால் சுற்றுலா விசாவும் மாணவர் விசாவும் மறுக்கப்பட வாய்ப்பு மிகும். இல்லை என்று மறைத்தால், அது பொய்க்கூற்றாகக் கொள்ளப்பட்டு நிரந்தர நுழைவுத் தடைக்கு இட்டுச் செல்லும். இரண்டாவதையே ஏஜெண்டுகள் சிலர் பரிந்துரைப்பது மிகவும் கண்டிக்கத்தக்கது.

எச்-1பி, எல்-1 விசாதாரரும் அவர்தம் துணைவரும் இந்த 214(பி) பிரிவிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். ஆகவே அண்ணன் அளித்த எஃப்-4 மனு நிலுவையில் இருக்கும்போதே தம்பி எச்-1பி விசாவில் சென்று பணியாற்றலாம். முன்னுரிமைத் தேதி வரும் நாளில் அவர் அங்கேயே முறையான தகுதியுடன் இருந்தால், நாடு திரும்பாமல் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அசாதாரணத் திறனாளருக்கான ஓ-1 விசாவையும் சமயப் பணியாளருக்கான ஆர்-1 விசாவையும், குடியேற்ற மனு ஒன்று இருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் மறுத்தலாகாது. முதலீட்டாளருக்கான இ-2 விசா, அமெரிக்காவுடன் உரிய உடன்படிக்கை இல்லாத இந்தியர்க்குக் கிட்டாது. காத்திருப்போருக்கென்றே 2000ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட வி விசா, அவ்வாண்டு டிசம்பர் 21க்குள் பதிவான எஃப்-2ஏ மனுக்களோடு நின்றுவிட்டது.

இந்த வழிகளும் முழுக் காத்திருப்பையும் தாங்குவதில்லை. எச்-1பி ஆறு ஆண்டுகளும், எல்-1 ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுமே செல்லும். 2000ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம் எச்-1பிக்கு ஆறாண்டுக்குப் பிறகு அளிக்கும் நீட்டிப்பு, பணி வழங்குநரின் குடியேற்ற மனு உள்ளவர்க்கே உரியது. குடும்ப மனு எத்தனை பழையதாயினும் அதற்கு உதவாது. எச்-1பி பெற்றவரின் துணைவர் எச்-4 விசாவில் வேலை செய்யும் அனுமதியும் (2015 முதல்) அவ்வாறே பணிவழி மனுவைச் சார்ந்தது. குடும்ப மனுவின் முன்னுரிமைத் தேதியைப் பணிவழி மனுவுக்கு மாற்றிக்கொள்ளவும் இயலாது. பட்டம் பெற்ற பொறியாளர் காத்திருப்பின் ஒரு பகுதியையேனும் அங்கே கழிக்க முடிகிறது. பூட்டுத் தொழிலாளியோ தோல் பதனிடும் தொழிலாளியோ, அதே அண்ணனுக்கு உடன்பிறந்தவராயினும், முழுக் காலத்தையும் இங்கேயே கழிக்க வேண்டியவராகிறார். அதற்குள் 21 வயதைக் கடக்கும் பிள்ளைகள் பெற்றோரின் மனுவிலிருந்து உதிர்ந்துபோகின்றனர். மனு பரிசீலனையில் கிடந்த காலத்தை வயதிலிருந்து கழிக்க 2002ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் அக்கழிவு போதாதவர்கள் பழைய தேதியைத் தக்கவைக்க முடியாதென அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது.

எஃப்-4 மனுவில் உடன்பிறப்பை மெய்ப்பிக்கும் ஆவணம் இருவரின் பிறப்புச் சான்றிதழ்களே. திண்டுக்கல் நகராட்சி 1866இலேயே அமைந்ததாயினும் (2014 முதல் மாநகராட்சி), சிற்றூர்களில் வீட்டுப் பிரசவமாகிப் பதிவு விட்டுப்போனவர்கள் முதிய தலைமுறையில் உண்டு. அத்தகையோர், பதிவில்லை என்ற அலுவலகச் சான்றுடன் பள்ளிச் சான்றிதழையும் மூத்த உறவினரின் உறுதிமொழிப் பத்திரத்தையும் இணைக்கின்றனர். அண்ணனின் சான்றிதழில் தந்தை பெயர் சாதிப் பட்டத்துடனும் தம்பியுடையதில் பட்டமின்றியும் இருந்தால், இருவரும் ஒரு தந்தையின் மக்கள் என்று விளக்க வேண்டியிருக்கும். தமிழர் தலைப்பெழுத்து வழக்கமும் இடையூறானது: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் வெறுமையாக இருந்தால், விசாவில் இயற்பெயர் குடும்பப் பெயராகவும், இயற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்ற குறியீடும் அச்சாகி, பிற்பாடு வங்கி, ஓட்டுநர் உரிமம், வேலை ஆவணங்கள் அனைத்திலும் தொடர்கின்றன. வேலை விசா நேர்காணல் சென்னைத் துணைத் தூதரகத்திலும், குடும்பக் குடியேற்ற விசா நேர்காணல் மும்பையிலும் நடைபெறும்.

காத்திருப்போருக்கான எச்-1பி வழியும் பின்னர் செலவு மிக்கதாயிற்று: வெளிநாட்டில் உள்ளவருக்காகப் புதிதாக அளிக்கப்படும் எச்-1பி மனுவுக்கு 2025 செப்டம்பர் 21 முதல் 1,00,000 டாலர் கட்டணம் விதித்து அதிபர் ஆணை பிறப்பிக்கப்பட்டது.