தேயிலைத் தூருக்கடியில் – 6: சாம்பல் தேடிய மலை

தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டித்தான் நம் பாட்டன் பூட்டனை இந்த மலைக்கு அழைத்து வந்தார்கள் என்பது லயங்களில் இன்றும் சொல்லப்படும் கதை. தோண்டியவர்களுக்குக் கிடைத்தது மண். அந்த மண் எப்படிப் பிறந்தது, என்ன ஆனது என்றுதான் ஆறு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சென்ற வாரம் சாமுவேல் பேக்கரை நுவரெலியாவில், புதிதாகக் காடு வெட்டிய நிலத்தின் முன் நிறுத்திவிட்டு வந்தோம். ஆண்டு 1848. இங்கிலாந்திலிருந்து கால்நடைகளையும் பண்ணையாட்களையும் கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தார். மரங்கள் விழுந்த இடத்தில் கன்னங்கரிய மண் தெரிந்தது. இப்படி ஒரு மண்ணைப் பார்த்த எந்த விவசாயிக்கும் மனம் துள்ளும்.

அந்த மண் பேக்கருக்கு என்ன கொடுத்தது?

முதலில், ஏமாற்றத்தைக் கொடுத்தது. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஓட்ஸ் பயிரை மரைகள் இரவோடு இரவாக மேய்ந்தன. கொண்டுவந்த கால்நடைகள் பல மடிந்தன. எருப் போட்டுப் பண்படுத்திய பிறகே நிலம் இசைந்து வந்தது. 1855இல் நாடு திரும்பிய அவர், இலங்கையில் கழித்த எட்டு ஆண்டுகளைப் புத்தகமாக எழுதினார். மலைநாட்டின் நிலத்தை ஏர்பிடித்துப் பார்த்து எழுதிய முதல் வெள்ளையர்களில் அவர் ஒருவர்.

கருப்பாக இருக்கிறது, கையில் லேசாக இருக்கிறது, ஆனாலும் பசித்திருக்கிறது. இது என்ன மண்?

கூம்பு வடிவ மலை

உலகத்தில் கருத்து, பொலபொலவென்று, கையில் எடுத்தால் கனமே தெரியாத மலை மண் என்றால் நிலவியல் படித்தவர்கள் முதலில் சந்தேகப்படுவது எரிமலையைத்தான். ஜாவாவைப் பாருங்கள். அங்கே எரிமலை கக்கும் சாம்பல் உண்மையில் கண்ணாடித் தூள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கண்ணாடிச் சில்லுகள் மழையில் சீக்கிரம் சிதைந்து, அலோபேன் என்ற பஞ்சு போன்ற களிப்பொருளாக மாறும். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும், இலைமக்கைக் கட்டிக் காக்கும். பழையது அடித்துப் போனாலும் மலை இன்னொரு முறை குமுறினால் புதுச் சாம்பல் வந்து விழும். ஜாவாவின் வயல்கள் தலைமுறை தலைமுறையாக அவ்வளவு மக்களுக்குச் சோறு போட்டதில் அந்தச் சாம்பலுக்குப் பெரிய பங்குண்டு.

நம் மலையிலும் கூம்பு வடிவச் சிகரம் ஒன்று நிற்கிறது. மஸ்கெலியாப் பக்கமிருந்து விடியற்காலையில் சிவனொளிபாதமலையைப் பார்த்தவர்களுக்கு, “இது எப்போதோ எரிந்த மலைதானோ” என்ற எண்ணம் ஒருமுறையாவது வந்திருக்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய ஆரம்பகால ஆய்வாளர்களில் ஒரு தமிழர் மகனும் இருந்தார். கலை விமரிசகராக உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமிதான் அவர். சேர் முத்து குமாரசுவாமியின் மகன், 1877இல் கொழும்பில் பிறந்தவர். சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் வருமுன் அவர் நிலவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவாய்வின் முதல் பணிப்பாளராக இருந்து, ஊர் ஊராகப் பாறைகளைத் தட்டிப் பார்த்தார். தோரியனைட் என்ற புதிய கனியத்தை 1904இல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். மலைநாட்டில் அவர் சந்தித்த பாறைகளில் ஒன்றைத் தமிழ்நாட்டார் நன்கு அறிவார். அது சார்னோகைட். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருங்கல். கல்கத்தாவில் ஜோப் சார்னோக்கின் கல்லறைக்கு அந்தக் கல்லைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அதனால் 1893இல் தாமஸ் ஹாலந்து அதற்கு அவர் பெயரையே சூட்டினார்.

அந்தக் கல்லில்தான் பதில் இருந்தது. மலைநாட்டின் பாறை எரிமலை கக்கிய பாறையல்ல. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்துக்கு இருபது கிலோமீட்டருக்கும் கீழே, கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறை. அதன் மேலே கிடந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டு மழையில் கரைந்தோடிய பிறகு வெளியே தலைகாட்டியது. சிவனொளிபாதமலையின் கூம்பும் மழை செதுக்கிய கூம்புதான்.

ஆக, எரிமலை இல்லை. எரிமலைச் சாம்பலும் இல்லை. அப்படியானால் கருமண் எங்கிருந்து வந்தது?

பெயரில் ஒளிந்த சாம்பல்

1961ஆம் ஆண்டுக்கு ஒருமுறை தாவிவிட்டுத் திரும்புவோம். உணவு விவசாய நிறுவனத்தின் மண் நிபுணர் மூர்மனும், இலங்கையின் மண்ணியல் அறிஞர் சி. ஆர். பானபொக்கவும் சேர்ந்து இலங்கையின் மண்களை வகைப்படுத்திப் பெயரிட்டார்கள். ஈரவலய மலைச்சரிவுகளின் மண்ணுக்குக் கிடைத்த பெயர் செம்மஞ்சள் பொட்சொல் மண். பாடசாலைப் புவியியலில் நாம் மனப்பாடம் செய்த அதே பெயர்.

‘பொட்சொல்’ ரஷ்யச் சொல். ‘பொட்’ என்றால் கீழே. ‘சொலா’ என்றால் சாம்பல்!

சாம்பலே விழாத மலையின் மண்ணுக்குச் சாம்பல் என்று பெயர். ரஷ்யாவின் ஊசியிலைக் காடுகளில் சருகுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஓர் அடுக்கு இருக்கும். அதைக் கண்ட உழவர்கள் வைத்த பெயர் அது. வடதேசத்துக் காட்டிலிருந்து அமெரிக்க வகைப்பாட்டுக்குப் போய், அங்கே வெப்ப நாட்டு அமிலக் களிமண்ணுக்கும் ஒட்டிக்கொண்டு, கடைசியில் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் வந்து சேர்ந்தது. நம் சரிவில் ஒரு முழம் தோண்டிப் பார்த்தால் அந்தச் சாம்பல் அடுக்கைக் காண முடியாது. மேலே பழுப்பு, கீழே சிவப்பும் மஞ்சளும் கலந்த களி. அவ்வளவுதான்.

உயரம் கூடக் கூட மேலடுக்கு தடித்துக் கருக்கும். நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் அது தெளிவாகத் தெரியும். 1999இல் வெளியான ஈரவலய மண் ஆய்வு நூல் இடத்துக்கு இடம் மண்ணைத் தனித்தனித் தொடர்களாகப் பிரித்தது. நுவரெலியாத் தொடர், மஸ்கெலியாத் தொடர், மட்டக்கலைத் தொடர் என்று நம் ஊர்களே மண்ணின் பெயர்களாயின. மம்பட்டி பிடித்த தாத்தா, “இந்த மலை மண்ணு வேற, அந்த மலை மண்ணு வேற” என்று சொன்னதற்கு அறிவியல் கொடுத்த ஒப்புதல் அது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் கருப்பின் ரகசியம் அவிழவில்லை. அதை அவிழ்க்க நாம் கடல் தாண்ட வேண்டும்.

நீலகிரியில் கிடைத்த சாவி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் மண் அளவாய்வு நடந்தபோது, எரிமலைச் சாம்பலில் பிறந்த கருமண்ணுக்கு ‘அண்டோ’ என்று பெயர் வந்தது. ஜப்பானிய மொழியில் ‘கரிய மண்’ என்று பொருள். அதிலிருந்தே ‘அண்டோசோல்’ என்ற உலகப் பெயர் பிறந்தது. அமெரிக்க வகைப்பாடு 1990இல்தான் இதைத் தனிப் பெருவகுப்பாக ஏற்றது. அதற்கான சோதனைகள் கறாரானவை. ஒரு லீட்டர் அளவு மண் காய்ந்த நிலையில் 900 கிராமுக்கு மேல் போகக்கூடாது. பொசுபரசை ஊற்றினால் நூறில் 85 பங்கைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். வயலிலேயே செய்து பார்க்கும் எளிய சோதனையும் ஒன்று உண்டு. பினாப்தலீன் தோய்த்த தாளில் ஒரு சிட்டிகை மண்ணை வைத்து, சோடியம் புளோரைடு கரைசலை விட்டால் தாள் இளஞ்சிவப்பாகும். மண்ணில் துடிப்பான அலுமினியம் இருக்கிறது என்பதற்கு அந்த நிறம் அடையாளம்.

எரிமலைச் சாம்பல் இருந்தால்தான் இப்படி மண் பிறக்கும் என்று வெகுகாலம் நம்பினார்கள். நீலகிரியின் மண் அந்த நம்பிக்கையை அசைத்தது.

2000ஆம் ஆண்டு பிரெஞ்சு மண்ணியலாளர்கள் நீலகிரி உச்சிகளின் மண்ணைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். அடியில் இருந்தது நமக்குத் தெரிந்த பரங்கிமலைக் கல்லின் உறவு, சிதைந்து களியான சார்னோகைட். சுற்றுவட்டாரத்தில் எரிமலை கிடையாது. ஆனாலும் மேல்மண் அண்டோசோலுக்குரிய சோதனைகளில் தேறியது. சாம்பல் செய்ய வேண்டிய வேலையைச் சோலையும் புல்லும் குளிரும் சேர்ந்து செய்திருந்தன. குளிரில் சருகு மெதுவாக மக்கும். மக்கிய கரிமம், களியிலிருந்து விடுபட்ட அலுமினியத்தோடும் இரும்போடும் கைகோத்துக்கொள்ளும். அப்படிக் கோத்த கரிமத்தை நுண்ணுயிர்கள் எளிதில் தின்ன முடியாது. நூற்றாண்டு நூற்றாண்டாக அது சேர்ந்து, மண் கருத்து இலகுவாகும்.

நீலகிரியும் நம் மலைநாடும் ஒரே பழங்கண்டத்தின் துண்டுகள். ஒரே வகைக் கல், அதே குளிர். அங்கே சோலையும் புல்வெளியும், இங்கே மேகக்காடும் பத்தனையும். பேக்கரின் காலடியில் கருத்துக் கிடந்த மண்ணின் பிறப்பை இந்த உறவு சொல்லிவிடுகிறது. அதைச் செய்தது நெருப்பல்ல, காடு.

அந்த மண் ஏன் பசித்திருந்தது என்பதும் இப்போது விளங்கும். அலுமினியமும் இரும்பும் பயிருக்கு வேண்டிய பொசுபரசையும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. காட்டு மரங்கள் தங்கள் சருகிலிருந்தே உணவை மீட்டு மீட்டு உண்டு வாழ்ந்தன. மண்ணின் செல்வம் மண்ணில் குவிந்து கிடக்கவில்லை. மரத்துக்கும் சருகுக்கும் வேருக்கும் இடையே ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மரத்தை வெட்டினால் அந்தச் சுற்று அறும்.

அதை வெட்டத்தான் கோப்பி வந்தது.

உண்மையான சாம்பல்

கடைசியில் நாம் தேடிய சாம்பலைக் கண்டுபிடித்துவிட்டோம். அது மலை கக்கிய சாம்பல் அல்ல, மனிதர் மூட்டிய தீயில் விழுந்தது.

1840இன் முடிக்குரிய காணிச் சட்டத்துக்குப் பிறகு மலைக்காடுகள் ஏக்கர் கணக்கில் தோட்டக்காரர்கள் கைக்குப் போயின. வெட்டிய விதத்தைக் கேளுங்கள். சரிவின் அடியிலிருந்து மேலே போகப் போக ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டி நிறுத்துவார்கள். உச்சியில் நிற்கும் பெருமரங்களை முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழுள்ளவற்றின் மேல் விழ, அவை அடுத்தவற்றின் மேல் விழ, முழுச் சரிவும் இடிமுழக்கத்தோடு படுத்துவிடும். சில வாரம் வெயிலில் காய்ந்ததும் தீ.

தீ அணைந்த சரிவில் குழி வெட்டிக் கோப்பிக் கன்று நட்டார்கள். கன்றுகள் செழித்தன. காடு எத்தனையோ தலைமுறை சேர்த்த சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் சாம்பலாகிக் கிடந்ததே, அதை உண்டு செழித்தன. தோட்டக்காரர்கள் அதை மண்ணின் வளம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது ஒருமுறை மட்டும் கிடைக்கும் சீதனம். ஜாவாவில் போல மறுபடி வானத்திலிருந்து சாம்பல் கொட்டாது.

தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியில் கூட வந்தவர்களைப் புதைத்துவிட்டு வந்த சனங்கள்தான் இந்தச் சரிவுகளில் களை பிடுங்கினார்கள். புல்பூண்டு ஒன்றும் தெரியக்கூடாது என்பது கட்டளை. மூடு துணியில்லாத நிலத்தின் மேல் பருவமழை இறங்கியது. மேல்மண் கானில் இறங்கி, ஓடையில் இறங்கி, மகாவலியின் நிறத்தை மாற்றியது. 1870களின் இறுதியில் கோப்பி சுமார் 2,75,000 ஏக்கரில் பரந்திருந்தது. இந்தச் சரிவுகள் எவ்வளவு இழந்தன என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஒரு விரற்கடை மேல்மண் சேர எத்தனை தலைமுறை வேண்டும் என்பதை நீலகிரிப் பாடம் சொல்லிவிட்டதே.

யாருமே எச்சரிக்கவில்லையா? எச்சரித்தார் ஒருவர். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர். 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காட்டைத் தொடாதீர்கள் என்று அவர் சொன்ன ஆலோசனைப்படி 1873இல் ஆணை பிறந்தது. ஹோட்டன் சமவெளியின் கருமண் இன்றும் காட்டுக்கும் பத்தனைக்கும் அடியில் பத்திரமாக இருக்கிறதென்றால், அந்த ஆணைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அது ஒரு கோடு. ஹட்டனும் தலவாக்கலையும் அந்தக் கோட்டுக்குக் கீழே.

கோட்டுக்குக் கீழே, ஆணை வருவதற்கு நான்கு ஆண்டு முன்பே, வேறொன்று தொடங்கிவிட்டிருந்தது. 1869. கோப்பி இலையின் மேற்புறத்தில் சிறு மஞ்சள் புள்ளி. இலையைத் திருப்பி அடிப்புறத்தை விரலால் துடைத்தால் செம்மஞ்சள் நிறத்தில் மெல்லிய பொடி ஒட்டும். காற்றில் பறக்கும், பக்கத்து மலையில் போய் விழும். பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து அந்த இலை இங்கிலாந்துக்குப் போனது. அங்கே பூஞ்சண அறிஞர் பேர்க்லி அதற்கு வைத்த இலத்தீன் பெயரின் பிற்பாதிக்கு ‘நாசகாரி’ என்று பொருள்.

இந்த மலையில் விழுந்த இரண்டாவது சாம்பல் அது. முதல் சாம்பல் கோப்பியை வளர்த்தது. இரண்டாவது?

மண்ணை இழந்த சரிவு, மரத்தையும் இழக்கப் போகிறது. அந்த வெறுமைக்கு நடுவே, லூல்கந்துரவில் 19 ஏக்கரில் ஒருவர் வேறொரு செடியை ஏற்கெனவே நட்டுவைத்திருக்கிறார். இரண்டாம் முறை வெளுக்கப்போகும் மண்ணில் அது வேர் பிடிக்குமா?

(அடுத்த வாரம்)