எந்த மென்பொருளில் பிறந்தது? பாலாற்றங்கரைத் தோல் ஏற்றுமதி ஆவணங்களை முன்வைத்து

ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் தோலுக்குக் குரோமியம் ஆறு ஆய்வறிக்கை உயிர்நாடி. உடலில் படும் தோல்பொருளில் குரோமியம் ஆறு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்பது 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அந்த அறிக்கை பிடிஎஃப் கோப்பாகக் கைமாறும்போது சந்தேகப்படுபவர் கோப்பின் பண்புகளைத் திறந்து, எந்த மென்பொருள் இதை உருவாக்கியது என்று பார்க்கிறார். அந்த விடைக்கு எவ்வளவு எடை தரலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பிடிஎஃப்பில் ‘கிரியேட்டர்’ என்பது மூல ஆவணம் எழுதப்பட்ட மென்பொருள். ‘புரொடியூசர்’ என்பது அதைப் பிடிஎஃப்பாக மாற்றியது. ஆய்வகம் அனுப்பிய அறிக்கையை ஏற்றுமதி அலுவலகத்தில் யாராவது இன்வாய்ஸோடு சேர்த்து மறுபடி ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ கொடுத்தால், ஆய்வக மென்பொருளின் சுவடு அழிந்து மைக்ரோசாஃப்டின் பெயர் வந்து உட்காரும். மின் கையொப்பம் இருந்தால் அதுவும் போய்விடும். இதில் மோசடி இல்லை, அவசரம்தான்.

ஆகவே மென்பொருளின் பெயர் தனியே எதையும் நிறுவாது. காலத்தோடு முரண்படும்போதுதான் அதற்குச் சான்றின் மதிப்பு வருகிறது. பீமா கோரேகான் வழக்கில் அமெரிக்காவின் ஆர்செனல் என்ற கணினித் தடயவியல் நிறுவனம் 2021இல் தந்த அறிக்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: கைதானவர் ஒருவரின் கணினியில் இருந்தது வேர்டு 2007, அதில் கிடைத்த சில கடிதங்களோ அதற்குப் பிந்திய வேர்டு பதிப்பில் பிடிஎஃப்பாக்கப்பட்டவை என்றது அது.

தமிழ் ஆவணங்களில் எழுத்துருவே இந்தச் சாட்சியைச் சொல்லக்கூடும். 2010 தேதியிட்ட தமிழ்க் கடிதத்தின் பிடிஎஃப்பில் ‘நிர்மலா யுஐ’ பதிந்திருந்தால் இடிக்கிறது. அந்த எழுத்துரு 2012இல் விண்டோஸ் 8உடன் வந்தது. ஆனாலும் உடனே பொய் என்று சொல்லிவிட முடியாது. விண்டோஸ் 10இல் பழைய தமிழ் எழுத்துருவான ‘லதா’ விருப்பத் தேர்வாகிவிட்டது. அது நிறுவப்படாத கணினியில் பழைய கோப்பைத் திறந்து பிடிஎஃப்பாக்கினால் நிர்மலா அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது எழுத்துரு காட்டுவது பிடிஎஃப் உருவான காலத்தை; கடிதம் எழுதப்பட்ட காலத்தை அல்ல. உள்ளடக்கத்தில் வரும் முரண் இதைவிட வலுவானது. 2018 தேதியிட்ட ஆம்பூர் நிறுவனக் கடிதத்தின் முகவரியில் ‘திருப்பத்தூர் மாவட்டம்’ இருந்தால் எழுத்துருவை ஆராயவே வேண்டாம். வேலூரைப் பிரித்து அந்த மாவட்டம் உருவானது 2019இல்.

பண்புகளை யாரும் திருத்தலாமே என்பது நியாயமான மறுப்பு. திருத்தலாம்தான். ஆனால் தேதியை மாற்றுபவர் கோப்பின் இன்னொரு மூலையில் அதே பண்புகளைத் தாங்கியுள்ள எக்ஸ்எம்பி பதிவையும் எழுத்துருப் பட்டியலையும் மறந்துவிடுவதுண்டு. எல்லாம் ஒத்துப்போவது உண்மைக்குப் போதுமான சான்றல்ல. ஒத்துப்போகாதது விசாரணைக்குப் போதுமான காரணம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்தோடு நீதிமன்றத்தில் தரும் சான்றிதழில் கோப்பின் விரல்ரேகை போன்ற ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹாஷ் எடுத்த பிறகு கோப்பு மாறவில்லை என்பதற்கு அது காவல். அதற்கு முன்பு எத்தனை கணினிகளில் மறுஅச்சானது என்பதைப் பற்றி அது வாய் திறக்காது. அந்தக் கேள்விக்கு, ஆய்வகத்தின் சொந்த சர்வரில் உள்ள மூலக்கோப்பை அறிக்கை எண்ணைச் சொல்லி நேரே வாங்கி ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.