'தேக்கா' என்னும் சொல்லின் பிறப்பு

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலைத் தமிழர் நாள்தோறும் வழங்கும் பெயர் 'தேக்கா'. இது தமிழ்ச் சொல்தானா?

'தேக்கு' என்னும் மரப்பெயரோடு இதனை இணைத்தல் எளிது. மலையாளக் கரையில் அப்பெயரைக் கேட்ட போர்த்துக்கீசியர், தேக்கா என்பதை ஒத்தே அதனை ஒலித்தனர்; ஆங்கில 'டீக்' அதன்வழி வந்ததே. ஒலி இத்துணைப் பொருந்தியும் இவ்விரண்டிற்கும் உறவில்லை.

தேக்கா ஹொக்கியன் சீனத்தின் வழி வந்தது. 'தெக்' மூங்கில்; 'கியா' சிறுமை; 'கா' கால். மரத்தடி என்பதில் நம் 'அடி' தரும் பொருளையே அக்'கா' தருகின்றது. ஆகவே 'தெக் கியா கா' என்பது சிறுமூங்கிலடி எனப்படும். ரோச்சோர்க் கால்வாயோரம் அன்று மூங்கில் வளர்ந்திருந்தது.

மலாயர் அதே இடத்தைக் 'கண்டாங் கெர்பாவ்' என்றனர். எருமைத் தொழுவம் என்பது பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே சிறந்திருந்த கால்நடை வாணிகத்திற்கு, பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்கள் இன்றும் சான்று. அவ்வாணிகத்தில் இந்தியரும் ஈடுபட்டனர். எனினும் தமிழர் நாவில் நிலைத்தது அண்டை வீட்டாரின் மூங்கிற்பெயரே.

சொல்லின் குடிவழி காண ஒலியொப்புமை மட்டும் போதாது. பொருளும் வரலாறும் உடன்வரல் வேண்டும். மலாய்மொழியின் 'கெடாய்' நம் 'கடை'. 'காப்பால்' நம் 'கப்பல்'. ஒலியும் பொருளும் ஒத்துள்ளன. கடல்வாணிகத் தொடர்பு அதனை உறுதி செய்கின்றது. தேக்கு, தேக்கா இரண்டிற்கும் ஒலியன்றிப் பிறிது சான்றில்லை. சான்றில்லாததைத் தமிழென உரிமை கொண்டாடின், சான்றுள்ள 'கெடாய்' பற்றிய நம் கூற்றையும் பிறர் ஐயுறுவர்.

1915இல் எழுந்த பழைய சந்தை, 1982இல் சாலைக்கு எதிர்ப்புறம் புதுக்கட்டடத்திற்கு மாறியது. சீனப் பெயரை மாண்டரின் முறையில் ஒலித்து, அதற்கு 'ஜூஜியாவ்' நிலையம் எனப் பெயரிட்டனர். மூங்கிலும் அடியும் மாறவில்லை, ஒலி மாறியது. மக்களோ தேக்கா என்றே வழங்கினர். 2000ஆம் ஆண்டில் 'தேக்கா நிலையம்' எனப் பெயர் மாற்றப்பட்டது.

பிறப்பாற் சீனமாயினும் வழக்கால் அனைவர்க்கும் உரியது இச்சொல். ஆசிரியர்கள் இதன் வரலாற்றை மாணவர்க்குக் கூறுவாராக. தமிழ் கொடுத்ததையும் பெற்றதையும் ஒருங்கே அறிதல், தமிழுக்குக் குறைவன்று, பெருமையே.