இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் நம் பணியாளர்



திருவிழாக் காலத்தில் நம் ஆலயங்களில் அடிக்கடி காணும் நிலை இது. கோயில்பிள்ளையிடம் பங்குத்தந்தை, "பீடத்தைத் தயார் செய்யுங்கள்" என்கிறார். விழாக்குழுப் பொறுப்பாளர், "முதலில் தேரைச் சுத்தம் செய்யுங்கள்" என்கிறார். அருட்சகோதரி பூ வாங்கி வர அனுப்புகிறார். மாலையில் எந்த வேலை முடியவில்லையோ, அதற்கான ஏச்சு அவருக்கே. கட்டளையிட்ட மூவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளவில்லை என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

இரு தலைவர்கள்

ஒருவர் இரு தலைவர்களுக்கு ஊழியம் செய்ய இயலாது என்ற ஆண்டவரின் போதனையை (மத் 6:24), கடவுளா செல்வமா என்ற கேள்வியாகவே நாம் தியானிக்கிறோம். அது சரியே. ஆனால் அந்த எடுத்துக்காட்டு அன்றைய அடிமைகளின் வாழ்விலிருந்து வந்தது. பிலிப்பி நகரில் பவுல் விடுவித்த அடிமைப் பெண்ணுக்கு ஒருவர் அல்ல, பலர் உரிமையாளர்களாக இருந்தனர் (திப 16:16-19). ஒருவரைப் பிரியப்படுத்தினால் மற்றவரின் கோபத்துக்கு ஆளாகும் தவிப்பு இயேசுவின் வார்த்தைகளைக் கேட்ட எளியோருக்கு நன்கு புரிந்திருக்கும்.

வைக்கோல் இல்லாத செங்கல்

கட்டளையிடுபவர் ஒருவரே ஆனாலும் முரண்பாடு வரலாம். பார்வோன் வைக்கோல் தருவதை நிறுத்தினான். செங்கல் எண்ணிக்கையையோ குறைக்கவில்லை (விப 5:6-18). இடையில் நின்ற இஸ்ரயேல் மேற்பார்வையாளர்கள் அடிபட்டார்கள். அவர்கள் முறையிட்டபோது, சோம்பேறிகள் என்றே பதில் வந்தது. "செலவைக் குறையுங்கள், ஆனால் அலங்காரம் போன வருடத்தைவிடக் குறையக்கூடாது" என்பதும், ஆண்டுவிழா ஒத்திகைக்கு மாணவர்களை அனுப்பச் சொல்லிவிட்டு ஆசிரியையிடம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி கேட்பதும் இதே வகைதான்.

புனித பெனடிக்ட் காட்டும் வழி

6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்கு 73 அதிகாரங்கள் கொண்டது. அதன் 65-ஆம் அதிகாரம், மடத்தின் தலைவரும் துணைத்தலைவரும் முரண்பட்டால் அவர்களின் ஆன்மாவுக்கு மட்டுமல்ல, அவர்களுக்குக் கீழே பக்கம் சேர்ந்து முகத்துதி செய்பவர்களுக்கும் கேடு என்று எச்சரிக்கிறது. பொருள் காப்பாளரின் பணியைப் பற்றிய 31-ஆம் அதிகாரம், மடம் பெரிதானால் அவருக்கு உதவியாளர் தரச் சொல்கிறது. அவரிடம் கேட்பதையும் உரிய நேரத்தில் கேட்க வேண்டும். 68-ஆம் அதிகாரத்தின்படி, தன் வலிமைக்கு மீறிய கட்டளை பெற்ற சகோதரர், பெருமையின்றி, தகுந்த நேரத்தில் தலைவரிடம் காரணத்தை எடுத்துச் சொல்லலாம்.

நம் பங்கில் செய்யக்கூடியவை

1. பங்குப் பேரவையும் விழாக்குழுவும் தங்களுக்குள் பேசி முடித்த பிறகே பணியாளரிடம் சொல்லட்டும். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் (எண் 536) பேரவைக்குத் தருவது ஆலோசனைக் குரல். எனவே ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியே கட்டளையிடுவது முறையல்ல. சொல்பவர் ஒருவராக இருப்பது நல்லது.

2. புதிய வேலை கொடுக்கும்போது, எதைத் தள்ளிவைக்கலாம் என்பதையும் நாமே சொல்ல வேண்டும். அந்தத் தேர்வைப் பணியாளரின் தலையில் கட்டிவிட்டுப் பிறகு குறைகூறுவது நீதியன்று.

3. வேலையைக் கூட்டினால் ஆளையோ நேரத்தையோ கூட்ட வேண்டும். திருச்சபைப் பணியில் ஈடுபடும் பொதுநிலையினருக்குத் தகுந்த ஊதியம் பெற உரிமை உண்டு என்று அதே சட்டம் (எண் 231) கூறுகிறது.

4. "இரண்டையும் செய்ய முடியாது" என்று ஒருவர் சொன்னால், அதைக் கீழ்ப்படியாமையாக எண்ணாமல் காது கொடுப்போம்.

ஏவியவர்கள் மூவர் என்றால், தவறு நடந்தபோது பதில் சொல்ல வேண்டியவர்களும் அந்த மூவரே. இந்த வாரம் நம் கோயில்பிள்ளையிடமோ உபதேசியாரிடமோ அலுவலக உதவியாளரிடமோ சற்று அமர்ந்து, "யார் யார் உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள்?" என்று கேட்போமா? பதிலை அமைதியாகக் கேட்டு, அவர்களின் சுமையை நம்மில் யார் இறக்குவது என்று முடிவு செய்வோம். இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக!