பயணக் குருதியுறைவு

பயணக் குருதியுறைவு என்பது நெடுநேரம் அசையாது அமர்ந்து பயணம் செய்வோரின் கால்களிலுள்ள ஆழ்சிரைகளில் குருதி உறைந்து கட்டியாதலைக் குறிக்கும். இக்கட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் உயிரிழப்பும் நேரலாம்.

பெயர்
1977 முதல் இது "சிக்கன வகுப்பு நோய்" எனவும் அழைக்கப்பட்டது. எனினும் வானூர்தியின் முதல் வகுப்பிலும், பேருந்து, தொடருந்துப் பயணங்களிலும் இது ஏற்படக்கூடும் என்பதால் அப்பெயர் பொருத்தமற்றது.

காரணம்
நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கிக் குருதியை இதயம் நோக்கித் தள்ளுகின்றன. அமர்ந்தே இருக்கையில் இவ்வியக்கம் குன்றிக் குருதி தேங்குகிறது. நான்கு மணிநேரத்துக்கு மேற்பட்ட பயணம் இவ்விடரை ஏறத்தாழ இருமடங்காக்குவதாக உலக சுகாதார அமைப்பு 2007 இல் அறிவித்தது. ஆயினும் நலமுள்ளோருக்கு இது சுமார் 6000 பேரில் ஒருவருக்கே ஏற்படுகிறது. முன்னர் குருதியுறைவு ஏற்பட்டோர், அண்மையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டோர், கருவுற்றோர், கருத்தடை மாத்திரை உட்கொள்வோர், புற்றுநோயாளர் ஆகியோருக்கு இடர் மிகுதி.

அறிகுறிகள்
ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. இவை பயணம் முடிந்து சில வாரங்கள் கழித்தும் தோன்றலாம். அப்போது உடனடி மருத்துவ உதவி தேவை.

தடுப்புமுறைகள்
* அவ்வப்போது எழுந்து நடத்தல்
* அமர்ந்தவாறே கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல்
* போதிய நீர் அருந்துதல், மதுவைத் தவிர்த்தல்
* கால்களை நீட்ட இயலாதவாறு இருக்கையின் கீழ்ப் பைகளை வைக்காதிருத்தல்
* இடர் மிகுந்தோர் மருத்துவர் அறிவுரைப்படி அழுத்தக் காலுறை அணிதல்

பயணத்துக்காக மட்டும் தாமாகவே ஆசுப்பிரின் உட்கொள்வது பரிந்துரைக்கப்படுவதில்லை.