கொடியை இறக்கு

போன டிசம்பர் 25 விடியற்காலை வேளாங்கண்ணியில் இருந்தேன். நள்ளிரவுப் பூசை முடிந்து கலைந்த கூட்டத்தில் நம்ம சனமும் ஏராளம். வெண்மணிக்குக் கிளம்புகையில், 1968-இல் அதே கிறிஸ்துமஸ் இரவில் ராமையாவின் குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேரைப் பற்றி எழுதிச் செல்பேசியில் போட்டேன். எந்தச் சாதிப்பேரைச் சொல்லி நம்மைத் திட்டினார்களோ அந்தப் பேரையும் எழுதியிருந்தேன். கீவளூர் போவதற்குள் பதிவைக் காணோம். 'வெறுப்புப் பேச்சு' என்றது அந்தக் கம்பெனி. பஸ்ஸில் பக்கத்திலிருந்த பெரியம்மாவிடம் சொன்னேன். "அவன் எடம், அவன் வச்சதுதானப்பா சட்டம்" என்றது.

கீழத்தஞ்சைக்கு இது பழைய சொல். வயலும் அவனுடையது, குடிசை நின்ற மனைக்கட்டும் அவனுடையது. சாணிப்பாலும் சவுக்கடியும் சர்க்கார் போட்ட சட்டமில்லை. பி. சீனிவாசராவ் வந்து சங்கம் கட்டிய பிறகுதான் சேரியில் செங்கொடி ஏறியது. நெல் உற்பத்தியாளர் சங்கத்து மிராசுதார்கள் கேட்டது என்ன? கொடியை இறக்கு, எங்க சங்கத்துல சேரு. கூலி உயர்வைவிட அந்தத் துணிதான் அவர்கள் கண்ணை உறுத்தியது என்பேன். அது பேச்சு. அதை வெட்ட வந்தது தனியார் தணிக்கை. நாகை கோர்ட் தண்டித்தவர்களை 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரியமனிதர்கள் நேரில் போய்த் தீவைப்பார்களா என்று அதற்குச் சந்தேகம்.

பேச்சுரிமை அரசுக்கு எதிராகத்தான், கம்பெனிக்கு எதிராக இல்லை என்கிறார்கள் வக்கீல் நண்பர்கள். 2015-இல் 66ஏ பிரிவு ரத்தானதும் சர்க்கார் கைக்குப் போட்ட பூட்டுத்தான். ஆனால் அதே அரசியல் சட்டத்தின் 15(2), 17 பிரிவுகள் தனியாரையும் கட்டுமே! கடை, ஓட்டல், கிணறு, குளம் எல்லாம் அதில் வருகிறது. அம்பேத்கருக்கு அனுபவம் இருந்தது. 1927-இல் மகாத்தில் தண்ணீர் அள்ளியபோது 'எங்கள் சொந்தக் குளம்' என்றுதான் சாதி இந்துக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பம்பாய் ஹைகோர்ட் அதைத் தள்ள 1937 ஆயிற்று. 2023 ஜனவரியில் கௌசல் கிஷோர் வழக்கில், 19, 21 பிரிவுகளைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்றது உச்சநீதிமன்றப் பெரும்பான்மை.

எதையுமே நீக்காதே என்றும் சொல்ல மனசு வரவில்லை. நம்ம பெண்களைச் சாதி சொல்லித் திட்டுகிற பதிவு போகத்தான் வேண்டும். திட்டினவனும் திட்டு வாங்கினவனும் எந்திரத்துக்கு ஒன்றாகத் தெரிவதுதான் வயிற்றெரிச்சல். 2019 நவம்பரில் பத்திரிகையாளர் திலீப் மண்டலின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது, நம்மாட்கள் அதே ட்விட்டரில் திரண்டு 'நீயும் சாதி பார்க்கிறாயா' என்று கேட்டார்கள்.

சாயங்காலம் வேளாங்கண்ணி திரும்பி, சாதிப்பேரை எடுக்காமல் அதே பதிவை மறுபடி போட்டேன். ராத்திரி பத்து மணிவரைக்கும் இருந்தது.