சிஸேரியன் பிரசவமும் நம்மவர் பயமும்

செம்பவாங் பக்கத்தில் வாழும் நம்மவர் வீடுகளில் ஒரு கர்ப்பிணிக்குச் சிஸேரியன் செய்ய வேண்டுமென டாக்டர் நாள் குறித்துவிட்டால், இருவகைப் பேச்சு எழுவதைக் கேட்டு வருகிறோம். "ஐயோ, வயிற்றைக் கீறப் போகிறார்களாமே, பெண் பிழைப்பாளா?" என்பது ஒன்று. "கீறுவதுதான் கீறுகிறார்கள், நல்ல நட்சத்திரமாகப் பார்த்துக் கீறச் சொல்லக் கூடாதா?" என்பது மற்றொன்று. ஒரே கிழவி காலையில் முன்னதையும் மாலையில் பின்னதையும் பேசுவதுண்டு. இச்சிகிச்சை எங்கிருந்து வந்தது, எவ்வளவு உயிர்களைப் பலிகொண்ட பிறகு இன்றைய நிலையை அடைந்தது என்பதை நம் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லாமையே இதற்குக் காரணமென்று கருதி, அச்சரித்திரத்தை இங்கு சிறிது விரித்துரைக்க முற்படுகிறோம்.

ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் இவ்விதம் பிறந்ததால்தான் இப்பெயர் வந்ததென்று பலரும் சொல்லுவர். அது கட்டுக்கதை. சீசரின் தாயார் அவ்ரேலியா, மகன் காலியா தேசத்தில் படை நடத்திய காலம் வரை உயிரோடிருந்தவர். அக்காலத்தில் வயிறு கீறப்பட்ட பெண் பிழைத்திருக்க வழியே இல்லை. இறந்துபோன கர்ப்பிணியைச் சிசுவை எடுக்காமல் புதைக்கலாகாது என்று ரோமரிடையே ஒரு பழஞ்சட்டம் இருந்தது. வெட்டுதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்தே இச்சொல் பிறந்ததென்பர் அறிஞர் பலர். நம் நாட்டிலும் இதே நிலைதான். தாய் இறந்த பின் வயிற்றில் சிசு துடிக்குமாயின் உடனே கீறி எடுக்க வேண்டுமென்று சுசுருதர் பெயரால் வழங்கும் நூல் கூறுகிறது. நஞ்சுண்டு மாண்ட அரசியின் வயிற்றிலிருந்து சாணக்கியன் பிந்துசாரனை எடுத்தான் என்பது சமணர் வழங்கிய கதை. இவற்றிலெல்லாம் பிள்ளைதான் பேசப்படுகிறது. தாய் பேசப்படவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

தாயைப் பேசும் கதை ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. திருச்சிராப்பள்ளியில் நிறைமாதமாயிருந்த ஒரு பெண்ணுக்குத் துணையாகப் பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட, சிவபெருமானே தாயுருவில் வந்து பிரசவம் பார்த்தாரென்பது தாயுமானவர் தல வரலாறு. கதையை நம்புவோர் நம்புக. பிரசவ வேளையில் தாய் வந்து சேராத மகளின் தவிப்பு அதில் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்து தோட்டத்து லயத்திலும் கடற்படைத் தளத்துக் குடியிருப்பிலும் பிள்ளை பெற்ற நம் பாட்டிமாருக்கு இடையில் கிடந்தது காவிரி அன்று, வங்கக் கடல். அவர்களுக்குத் துணையாக வந்தவள் பக்கத்து லயத்து மருத்துவச்சியே. பிள்ளை குறுக்கே கிடந்துவிட்டாலோ, நஞ்சுக்கொடி வாயிலை அடைத்து இரத்தம் பெருகினாலோ அவளும் என்ன செய்வாள்?

ஐரோப்பாவில் மட்டும் இதற்கு வழியிருந்ததென்று எண்ண வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அங்கும் வயிறு கீறப்பட்ட தாய்மாரில் மிகப் பெரும்பாலோர் மாண்டனர். 1847-இல் ஸிம்ப்ஸன் குளோரபாரம் கொடுத்துப் பிரசவ நோவைத் தணித்தார். ஆயினும் நோவு தணிந்ததேயன்றிச் சாவு தணியவில்லை. வயிற்றைத் தைத்தார்கள், கருப்பையைத் தைக்காமல் விட்டார்கள்! தையல் போட்டால் அதை வெளியே எடுக்க முடியாதென்பதும், கருப்பை தானே சுருங்கி மூடிக்கொள்ளுமென்பதும் அவர்கள் எண்ணம். மூடாத வாயிலிருந்து இரத்தமும் சீழும் வயிற்றுக்குள் பரவின. 1876-இல் இத்தாலியில் பாவியா நகரத்து எதுவார்தோ பொர்ரோ என்பவர், பிள்ளையை எடுத்த கையோடு கருப்பையையும் அறுத்தெடுத்துத் தாயைப் பிழைக்க வைத்தார். 1882-இல் ஜெர்மனியின் மாக்ஸ் ஸாங்கர், வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் கருப்பையைத் தைத்தே தீர வேண்டுமென நிறுவினார். அது முதற்கொண்டே தாயும் பிள்ளையும் கருப்பையும் மூன்றும் தப்புவது சாத்தியமாயிற்று.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஸாங்கருக்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1879-இல், ஆப்பிரிக்காவில் இன்றைய உகாண்டாவைச் சேர்ந்த பன்யோரோ நாட்டில், பெல்க்கின் என்னும் ஆங்கிலேயர் ஓர் உள்நாட்டு வைத்தியர் சிஸேரியன் செய்வதைக் கண்டு எழுதி வைத்தார். அவ்வைத்தியர் வாழைப்பழ மதுவால் தம் கைகளையும் பெண்ணின் வயிற்றையும் கழுவினார். அதையே அவளுக்குக் குடிக்கவும் கொடுத்து மயக்கினார். இரத்தக் கசிவைக் காய்ச்சிய இரும்பால் சுட்டு நிறுத்தினார். காயத்தை இரும்பு ஊசிகளால் சேர்த்துக் கட்டினார். தாயும் பிள்ளையும் பிழைத்தனர். கறுப்பு நிறத்தாரை அறிவில்லாதவரென்று எழுதிய அதே காலத்து ஐரோப்பாவில், கை கழுவாத டாக்டர்கள் பலர் இருந்தனர்.

எந்தப் பெண்களுக்கு இச்சிகிச்சை மிகுதியாகத் தேவைப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1888-இல் கிளாஸ்கோ நகரில் மர்டோக் காமிரன் என்ற டாக்டர், நான்கடிக்கும் குறைந்த உயரமுடைய ஓர் ஏழைப் பெண்ணுக்குச் சிஸேரியன் செய்து இருவரையும் காப்பாற்றினார். அப்பிள்ளைக்குச் சீசர் காமிரன் என்றே பெயரிட்டனர். அவள் குள்ளமானது விதியால் அன்று. புகை மண்டிய ஆலை நகரத்தில் வெயிலும் நல்லுணவும் இன்றி வளர்ந்த ஏழைக் குழந்தைகளுக்கு எலும்பு வளைந்து போகும் நோய் வந்தது. பெண்ணாயின் இடுப்பெலும்பும் கோணிற்று. பிள்ளை வரும் வாசல் குறுகிற்று. இது தலையெழுத்தன்று, வறுமையின் எழுத்து என்பதைத் தோட்டத்து வாசகருக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். தேக்காவில் எருமைகள் கட்டிக் கிடந்த இடத்துக்கு மலாய்க்காரர் இட்ட பெயர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். அங்கேயே 1924 அக்டோபரில் 30 பிரசவக் கட்டில்களுடன் இலவசப் பிரசவ ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஏழைகளுக்கென்று ஏற்பட்ட இடமாதலால் அங்கு போவதை இழிவென்று கருதியோரும் உண்டு. 1966-இல் அதே ஆஸ்பத்திரியில் ஓராண்டில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன; உலகத்தில் வேறெந்தப் பிரசவ ஆஸ்பத்திரியிலும் அத்தனை இல்லையென்று கின்னஸ் புத்தகம் பதிந்தது. 1997-இல் அது அருகிலேயே புதுக் கட்டடத்துக்கு மாறிற்று. செம்பவாங்கிலிருந்து அங்கு செல்ல ஏறத்தாழ 20 கிலோமீட்டர். இன்று ரயிலேறி நியூட்டனில் மாறினால் தேக்கா வந்துவிடுகிறது. 1938-இல் கடற்படைத் தளத்தின் பெரிய கப்பல் துறை திறக்கப்பட்ட காலத்தில், நோவு கண்ட பெண்ணை ரப்பர் காடுகளினூடே இரவில் கொண்டுபோவதென்றால் அதுவே ஒரு கண்டமாக இருந்திருக்கும்.

அந்த ஆஸ்பத்திரியிலே பெயர் பெற்றவர் டாக்டர் பெஞ்சமின் ஷியர்ஸ். 1907-இல் பிறந்த யூரேசியர்; பொதுப்பணி இலாகா ஊழியர் ஒருவரின் மகன். ஜப்பானியர் ஆட்சியின்போது கண்டாங் கெர்பாவில் பிரசவப் பகுதியின் தலைமையை ஏற்றவர். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 1971 முதல் 1981-இல் காலமாகும் வரை சிங்கப்பூர்க் குடியரசின் அதிபராக இருந்தவர். அவர் பெயரால் அமைந்த பாலத்தைக் கடக்கும் நம்மவர் பலர், அவரை அதிபரென்று அறிவரேயன்றிப் பிரசவ வைத்தியரென்று அறியார்.

ஷியர்ஸ் இங்கு புகுத்திய முறையில்தான் நம் பெண்களின் உயிர் இருக்கிறது. பழைய முறையில் கருப்பையின் மேற்பாகத்தை நெடுக்காகக் கீறுவர். அப்பாகம் தடித்த தசை, இரத்தம் மிகுதி, தழும்பு வலுவற்றது, அடுத்த கர்ப்பத்தில் நோவு வந்தால் பிளந்துகொள்ளக் கூடும். கீழ்ப்பாகமோ மெல்லியது. அதைக் குறுக்கே கீறினால் இரத்தப் போக்கு குறையும், தைத்த பின் மூத்திரப் பையை ஒட்டிய சவ்வு அதை மூடிக்கொள்ளும், சீழ் வயிற்றுக்குள் பரவுதல் அரிது, தழும்பும் உறுதியாகும். கிளாஸ்கோவின் மன்ரோ கெர் 1911 முதல் பரப்பிய இம்முறையை, மேற்கீறலுக்குப் பதிலாக நம் ஊரில் வழக்கமாக்கியவர் ஷியர்ஸ். 1946-இல் இங்கு இரத்ததான சேவை ஏற்பட்டது. போருக்குப் பின் பெனிசிலின் கிடைத்தது. இவையெல்லாம் சேர்ந்தே, சாவின் வாயிலில் செய்யப்பட்ட வேலை, முன்கூட்டி நாள் குறித்துச் செய்யும் வேலையாயிற்று.

நாள் என்றதும் பஞ்சாங்கம் வந்துவிடுகிறது! வேறு அவசரம் இல்லையாயின் டாக்டர்கள் 39 வாரம் நிரம்பும் வரை பொறுப்பார்கள். அதற்கு முன் எடுத்தால் சிசுவின் நுரையீரலில் நீர் வடியாமல் மூச்சுத் திணறல் காணக் கூடும். ரோகிணி நட்சத்திரம் 37-ஆம் வாரத்தில் வருகிறதென்று முன்னே இழுக்கச் சொல்லும் தாத்தா, பேரனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அனுப்ப வழி தேடுகிறார். சீன சகோதரரிலும் நல்ல நாள் கேட்போர் உண்டு. நாம் மட்டும் தனியல்லோம் என்பது ஆறுதலாகாது. 1982 ஜனவரி 1-ஆம் தேதி அரசாங்கம் இவ்வூர்க் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி வைத்தது. கிரகங்கள் அதற்குச் சம்மதித்தனவா என்று எந்த ஜோசியரும் நமக்குச் சொல்லவில்லை. டாக்டர் வசதியென்று கூறும் இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒன்றைக் குடும்பத்தார் விரும்பிக் கேட்பதில் குற்றமில்லை. டாக்டர் சொல்லும் வாரத்தை ஜோசியர் மாற்றலாகாது.

அன்றைக்கு நடப்பது இது. ஆறு மணி நேரம் முன்பே ஆகாரம் நிறுத்தப்படும். கையில் ஊசிக் குழாய் ஏற்றுவர். முதுகுத் தண்டில் மெல்லிய ஊசியால் மருந்து செலுத்தியதும் மார்புக்குக் கீழே மரத்துப்போகும், நினைவு தப்பாது. மூத்திரக் குழாய் போடுவர். முகத்துக்கு முன் திரை கட்டுவர். கத்தியின் நோவு தெரியாது. யாரோ வயிற்றுக்குள் இழுப்பதும் அழுத்துவதும் போன்ற உணர்வு மட்டும் தெரியும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். உடல் நடுங்குவதும் குமட்டுவதும் பலருக்கு உண்டு. பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் குழந்தையின் அழுகுரல் கேட்டுவிடும். எஞ்சிய நேரமெல்லாம், ஸாங்கர் வற்புறுத்திய அத்தையலுக்கே செல்லும். மொத்தம் ஒரு மணி நேரமென்று கொள்ளலாம்.

நோவு பிறகுதான் வரும். மருந்து தெளிந்ததும் காயம் எரியும். இருமினால், சிரித்தால் சுண்டி இழுக்கும். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமுவது நல்லது. நோவு மருந்தைக் கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டாம். தாய்ப்பாலுக்குக் கெடுதியில்லாத மருந்துகளையே கொடுப்பார்கள். மறுநாள் தாதி எழுந்து நடக்கச் சொல்லுவாள். "பச்சை உடம்புக்காரியை நடக்க விடுகிறார்களே" என்று உறவினர் சண்டைக்குப் போவதை நாம் கண்டிருக்கிறோம். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறைந்து கட்டியாகும். அது நுரையீரலுக்கு ஏறினால் உயிருக்கே மோசம். ஆகவே அந்தத் தாதி இரக்கமற்றவள் அல்லள். மூன்று நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்புவர். உதிரப் போக்கு சில வாரம் இருக்கும். பால் கொடுக்கையில் கருப்பை சுருங்கி வயிறு வலிக்கும். தழும்பைச் சுற்றிய தோல் பல மாதம் மரத்திருக்கவும் கூடும்.

வீட்டில் நடக்கும் பத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் தாராளமாகக் கொடுக்கட்டும், ருசியானவை, சத்துள்ளவை. பச்சைத் தண்ணீர் கூடாதென்று தாகத்தோடு வைப்பது மட்டும் வேண்டாம். வயிறு தைத்தவளுக்கு மலச்சிக்கல் பெருந்துன்பம். தண்ணீரும் காய்கறியும் பழமும் வேண்டும். காயத்தின்மேல் கொதிநீர் ஊற்றுவதும், கேளாமல் வயிற்றை இறுக்கிக் கட்டுவதும் தீங்கு. ஜுரம், காயத்தில் சீழ், துர்நாற்றம், மிகுந்த உதிரம், ஒரு கால் மட்டும் வீங்குதல், மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தீட்டுக் கழியட்டுமென்று காத்திருக்கலாகாது. ஆறு வாரம் வரை குழந்தையைவிடக் கனமான எதையும் அவள் தூக்கலாகாது. வாளியும் அரிசி மூட்டையும் கணவன் தூக்குக. குழந்தை இந்நாட்டுப் பிரஜையாயின், சட்டப்படி மணந்த தகப்பனுக்கு 2025 ஏப்ரல் முதல் நான்கு வாரம் சம்பளத்தோடு விடுமுறை விதிக்கப்பட்டிருப்பது காப்பிக் கடையில் உட்காருவதற்கன்று.

இவ்வளவு சொன்னதால், காரணமின்றியும் கத்தியைத் தேடிப் போகலாமென்று யாரும் கொள்ள வேண்டாம். ஒவ்வொரு முறை கீறும்போதும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்பில் வேரூன்றும் அபாயம் ஏறுகிறது. ஆனால் காரணம் இருக்கையில் "சுகப் பிரசவம் ஆகாதவள்" என்று மருமகளைக் குத்திப் பேசும் மாமியார்மார், குறுக்கே கிடந்த பிள்ளைக்கு வேறு என்ன வழி வைத்திருந்தார்களென்று கேட்கிறோம். ஒருமுறை கீறினால் எப்போதும் கீற வேண்டுமென்பதும் சரியன்று. கீழ்ப்பாகத்தில் ஒரே தழும்புள்ள பெண்கள் தக்க கண்காணிப்பில் நோவு கண்டு பெற முயன்றால், நூற்றுக்கு 70-க்கு மேற்பட்டோர் இயல்பாகவே பெறுகின்றனர். தழும்பு பிளப்பது ஏறத்தாழ இருநூறில் ஒருவருக்கே. அதற்கு ஒன்றரை ஆண்டாவது இடைவெளி விடுதல் நலம். எந்த விதமாகக் கீறினார்கள் என்பது ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கும். அச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த முறை டாக்டரிடம் முதல் நாளே காட்ட வேண்டும்.